கம்பியில்லாத சிறை

காலண்டர் என்றொரு ஊர். அமெரிக்காவின் மேற்கே, கொலராடோவில். யாரோ ஒரு வழிப்போக்கனைப் புதைக்கக் குழி தோண்டுகிறார்கள். குழிக்குள் தங்கம் மின்னுகிறது. அவ்வளவுதான், பிரார்த்தனை பாதியில் நிற்கிறது, அடக்கத்துக்கு வந்த கூட்டம் குழிக்குள் குதிக்கிறது. அப்படித் திடுதிப்பென்று முளைத்த ஊருக்கு ஷெரிஃபாக வந்து சேர்கிறான் ஜேசன் மெக்கல்லோ. வந்த கையோடு ஜோ டான்பி என்ற கொலைகாரனைப் பிடித்துச் சிறைக்குக் கொண்டுபோகிறான். சிறை புத்தம் புதுசு. சுவர் இருக்கிறது, கட்டில் இருக்கிறது. கம்பிகள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஜேசன் பதறவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறான். கோட்டை ஒட்டிச் சிவப்புப் பெயிண்டைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்து வைக்கிறான். இது என்ன என்று ஜோ கேட்கிறான். முன்னால் ஒருத்தன் கோட்டைத் தாண்டப் பார்த்தான் என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. அதற்குமேல் விளக்கம் இல்லை. ஜோ பின்வாங்கிவிடுகிறான். லட்சுமணன் கிழித்த கோட்டைச் சீதை தாண்டினாள். ஜோ டான்பி தாண்டவில்லை.

1969-ல் வந்த 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்' படத்தில் வரும் காட்சி இது. எப்போது பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கௌபாய் நகைச்சுவைப் படங்களை வருஷக்கணக்காகத் தேடித்தேடிப் பார்க்கிறவன் நான். ஐம்பது, அறுபது, ஏன் நூறு வருஷம் ஆன படங்களும் இன்றைக்கும் எப்படிச் சிரிக்க வைக்கின்றன என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதிப் பார்க்கிறேன்.

ஜேசனாக நடித்தவர் ஜேம்ஸ் கார்னர். இதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் 'அவர் ஆஃப் தி கன்' படத்தில் இறுகிப்போன முகத்தோடு வையட் ஏர்ப்பாக நடித்திருந்தார். ஜோவின் அப்பாவாக, ஊரையே மிரட்டும் கிழவர் டான்பியாக வருபவர் வால்டர் பிரென்னன். 1946-ல் ஜான் ஃபோர்ட் எடுத்த 'மை டார்லிங் கிளமன்டைன்' பார்த்தவர்களுக்கு அந்தக் கிழவரை அடையாளம் தெரியும். அதில் அவர் கிளான்டன். தறுதலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அராஜகம் செய்கிற தகப்பன். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அதே அப்பா, அதே மாதிரிப் பிள்ளைகள், இருபத்துமூன்று வருஷம் கழித்து இந்தப் படத்தில். நடிப்பில் அவர் ஒன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அதே கடுகடுப்பு, அதே குரல். ஆனால் எதிரே நிற்கிற ஷெரிஃப், கிழவர் நீட்டிய துப்பாக்கியின் குழாய்க்குள் சாவகாசமாக விரலைச் செருகிவிடுகிறான். இப்படி ஒருவன் செய்தால் அடுத்து என்ன செய்வது என்று கிழவருக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க யாரும் அவருக்கு இப்படிப் பதில் சொன்னதே இல்லை.

மேயராக வரும் ஹாரி மோர்கன், 'ஹை நூன்' (1952) படத்தில் மார்ஷல் உதவி கேட்டு வரும்போது வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, மனைவியை விட்டு ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னவர். ஷெரிஃபுக்குத் துணையாக வரும் ஜாக் ஈலம் காலமெல்லாம் வில்லனுக்கு அடியாள். சின்ன வயதில் பென்சில் குத்தி ஒரு கண் பழுதானதால் அந்தக் கண் எங்கோ பார்க்கும். அந்த முகத்தைக் காட்டினாலே போதும், ஆபத்து வந்துவிட்டது என்று ரசிகருக்குப் புரிந்துவிடும். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்தின் தொடக்கத்தில் முகத்தில் ஊர்ந்த ஈயைத் துப்பாக்கிக் குழாய்க்குள் பிடித்து வைத்துக்கொள்வாரே, அவர்தான். அந்த மனிதரை இந்தப் படத்தில், பாவம், சாணி அள்ளிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கூப்பிட்டுத் துணை ஷெரிஃபாக்குகிறார்கள்.

இயக்கிய பர்ட் கென்னடி யார்? ராண்டால்ஃப் ஸ்காட் நடித்த 'செவன் மென் ஃப்ரம் நௌ', 'ரைட் லோன்சம்' போன்ற இறுக்கமான படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். கதை எழுதிய வில்லியம் பவர்ஸ், 'தி கன்ஃபைட்டர்' (1950) எழுதியவர்களில் ஒருவர். வேகமாகச் சுடுகிறவன் என்ற பெயரே எமனாகி, போகிற ஊரிலெல்லாம் எவனாவது ஒரு பொடியன் சண்டைக்கு வர, நிம்மதி இல்லாமல் செத்துப்போகிற ஒருவனின் சோகக் கதை அது.

கேலி செய்கிறவர்கள் வெளியாட்கள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை பெயர்களையும் வரிசையாகச் சொன்னேன். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சலூன் கதவு எப்படி ஆடும், துப்பாக்கிச் சண்டைக்கு முன்னால் தெரு எப்படிக் காலியாகும் என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதனால்தான் எந்த இடத்தில் தொட்டால் சிரிப்பு வரும் என்றும் தெரிந்திருக்கிறது. ஊர், குதிரை, புழுதி, வில்லன் எல்லாமே நிஜப் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். நடுவில் ஓர் ஆள் மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசிப்பான். இதற்கு ஏன் சாக வேண்டும், வேறு வழி இல்லையா என்று கேட்பான். நான் விரும்புகிற படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் நிற்கின்றன. ஒருமுறை ஜேசனைச் சுட வந்தவனை அவன் கல்லால் அடித்தே துரத்துகிறான். சுடத் தெரியாததால் இல்லை. மேலே எறிந்த வாஷரின் ஓட்டை வழியாகக் குண்டைச் செலுத்துகிறவன் அவன். கல்லே போதும் என்று தோன்றுகிறது, கல்லை எடுக்கிறான்.

இந்த நிதானமான ஆளுக்கு முன்னோடி 1939-ல் வந்த டெஸ்ட்ரி. 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்' படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பாட்டில்நெக் என்ற அடாவடி ஊருக்குத் துணை ஷெரிஃப் வருகிறான் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். கோச்சு வண்டியிலிருந்து அவன் இறங்கும்போது ஒரு கையில் பெண்கள் பிடிக்கும் குடை, இன்னொரு கையில் பறவைக் கூண்டு. கூட வந்த பெண்ணுக்கு உதவியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இடுப்பில் துப்பாக்கி இல்லை. ஊரே சிரிக்கிறது. அவனும் கோபப்படாமல், எனக்கு ஒருத்தனைத் தெரியும் என்று ஏதாவது குட்டிக்கதை சொல்லிக்கொண்டு திரிகிறான். அப்புறம் ஒரு நாள், ரகளை செய்கிறவர்களிடம் துப்பாக்கியை வாங்கி, பெயர்ப்பலகையில் இருக்கும் குமிழ்களை ஒவ்வொன்றாகச் சுட்டு உதிர்த்துவிட்டு, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறான். அதற்கப்புறம் அவனுடைய சாந்தத்துக்கு வேறு எடை வந்துவிடுகிறது. சலூன் பாடகியாக வரும் மார்லீன் டீட்ரிச் இந்தப் படத்தில் காட்டும் துடுக்கும் கடைசியில் அவருக்கு நேர்வதும் சேர்ந்து, சிரித்துக்கொண்டிருந்த நம்மைத் தொண்டை அடைக்க வைத்துவிடும்.

பாப் ஹோப் வேறு ரகம். அவருக்கு நிதானம் கிடையாது, பயம்தான். 'தி பேல்ஃபேஸ்' (1948) படத்தில் கோழைப் பல் டாக்டர். கூட இருக்கும் கலாமிட்டி ஜேன் சுட்ட குண்டுகளுக்கெல்லாம் இவருக்கு வீரன் என்று பெயர் வந்துவிட, துப்பாக்கிச் சண்டைக்குப் போயே ஆக வேண்டிய நிலை. தெருவில் இறங்கும்போது ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து யோசனை சொல்கிறார்கள். எதிரி இடது பக்கம் துப்பாக்கி எடுப்பான், நீ வலது பக்கம் சாய். காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, மேற்கே குறிவை. அவன் குனிந்து சுடுவான், நீ குதிகாலைத் தூக்கி நில். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டே நடக்கிறார். நாலு எட்டு வைப்பதற்குள் சாய்வதும் காற்றும் கிழக்கும் குதிகாலும் ஒன்றோடொன்று கலந்து, குனிகிறார், சாய்கிறார், எம்புகிறார். சாகப்போகிறவனுக்கு ஊர் சொல்கிற புத்திமதி எப்படி இருக்கும் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் இதே படத்தைப் பரிந்துரைக்கும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செவ்விந்தியர்களை அது காட்டும் விதம் இன்று பார்க்கக் கூச வைக்கிறது. முகம் இல்லாத கூட்டமாக வந்து குண்டடிபட்டு விழுகிறார்கள், அதுவும் சிரிப்புக்காக. தங்கள் நிலத்தை இழந்த மக்கள் அவர்கள். அந்தக் காட்சிகளில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்றைய கௌபாய் படங்கள் பெரும்பாலும் இந்தப் பாவத்தைச் சுமந்தவைதான், நகைச்சுவைப் படங்களும் தப்பவில்லை. குழந்தைகளோடு பார்க்கிறீர்கள் என்றால் அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள்.

'கேட் பலூ' (1965) பற்றி நிறையச் சொல்ல ஆசை. வயோமிங்கில் அப்பாவின் நிலத்தைப் பறிக்கப் பார்க்கிறது ஒரு கம்பெனி. அவர்கள் அனுப்பிய அடியாளின் பெயர் ஸ்ட்ரான். மூக்கு போய், அந்த இடத்தில் தகர மூக்கு மாட்டியிருப்பவன். பள்ளிக்கூடம் நடத்த வந்த மகள் கேத்தரின், அதாவது ஜேன் ஃபோண்டா, தான் மலிவு விலை நாவல்களில் படித்த மாவீரன் கிட் ஷெலீனுக்குக் கடிதம் போட்டு வரவழைக்கிறாள். வந்து இறங்குவது ஒரு முழுக் குடிகாரன். களஞ்சியச் சுவரைக் காட்டிச் சுடச் சொன்னால் சுவரே தப்பிவிடுகிறது. உள்ளே கொஞ்சம் போனதும் குறி பிசகுவதில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் ஆளே நிற்பதில்லை. வில்லன், குடிகாரன் இரண்டுமே லீ மார்வின். மூன்று வருஷம் முன்னால் லிபர்ட்டி வாலன்ஸாக ஜான் வெய்ன் படத்தில் சாட்டையோடு வந்து நடுங்க வைத்த அதே மார்வின்.

அப்பா கொல்லப்பட்டுக் கிடக்கிறார். உடலைச் சுற்றி மெழுகுவர்த்திகள். தள்ளாடிக்கொண்டு உள்ளே வருகிறான் ஷெலீன். மெழுகுவர்த்திகளைப் பார்க்கிறான். முகம் மலர்கிறது. பிறந்தநாள் வாழ்த்துப் பாட ஆரம்பிக்கிறான். இதைச் சிரிக்காமல் பார்க்க முடியாது, அதே சமயம் பக்கத்தில் மகள் நிற்கிறாள் என்பதும் நமக்கு மறப்பதில்லை. பிறகு அவன் குடியை விட்டு, குளித்து, சவரம் செய்து, இடுப்பில் பட்டையைக் கட்டி இறுக்கி, கறுப்பு உடையில் வெள்ளி வேலைப்பாடு மின்ன, காளைச் சண்டை வீரன் அலங்கரித்துக்கொள்வதுபோல ஒவ்வொன்றாக அணிந்து நிற்கிற ஒரு நீளமான காட்சி வருகிறது. அதில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை. ஒரு காலத்தில் இவன் நிஜமாகவே மாவீரனாக இருந்தவன் என்று நம்ப வைத்துவிடுகிறார் மார்வின்.

அந்த நடிப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறியவர், இதில் பாதி சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு குதிரைக்குச் சேரும் என்று சொன்னார். படம் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். போதையில் சரிந்து கிடக்கும் ஷெலீனைச் சுமந்துகொண்டு, தானும் சுவரில் சாய்ந்து, காலைப் பின்னிக்கொண்டு நிற்கும் குதிரை அது. கதையின் நடுநடுவே பாடிக்கொண்டு வருகிற இருவரில் ஒருவர் நாட் கிங் கோல். படம் திரைக்கு வருவதற்கு முன்பே, அந்த வருஷம் பிப்ரவரியில், காலமாகிவிட்டார்.

இனி மெல் ப்ரூக்ஸ். 'பிளேஸிங் சாடில்ஸ்' (1974) கௌபாய் நகைச்சுவைப் படங்களிலேயே அதிகம் பேசப்பட்டது, அதிகம் சண்டையும் மூட்டியது. ராக் ரிட்ஜ் என்ற வெள்ளைக்காரர் ஊருக்குக் கறுப்பினத்தவர் ஒருவரை ஷெரிஃபாக அனுப்புகிறான் வில்லன். ஊர்க்காரர்களே வெறுத்து ஊரைக் காலி செய்வார்கள், நிலத்தை ரயில்பாதைக்குச் சுருட்டலாம் என்பது கணக்கு. ஷெரிஃப் பார்ட்டாக க்ளீவன் லிட்டில். அவர் ஊருக்குள் வந்து இறங்கியதும் அத்தனை துப்பாக்கிகளும் அவரை நோக்கித் திரும்புகின்றன. பார்ட் என்ன செய்கிறார்? தன் துப்பாக்கியை எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்துத் தன்னையே பணயக் கைதியாகப் பிடித்துக்கொள்கிறார். மிரட்டுகிற குரலும் அவரே, கெஞ்சுகிற குரலும் அவரே. ஊர் பின்வாங்குகிறது. வெறுப்பு எவ்வளவு மூளையில்லாதது என்பதை ஒரு நிமிஷத்தில் காட்டுகிற காட்சி அது. எழுதியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ப்ரையர். அவரைத்தான் ப்ரூக்ஸ் கதாநாயகனாக்க நினைத்தார், ஸ்டுடியோ சம்மதிக்கவில்லை. இனத்தை இழிவாகச் சொல்லும் சொற்கள் படம் முழுக்க வருகின்றன. ஆனால் அவை வருவது பெரும்பாலும் மூடர்களின் வாயிலிருந்து. இந்த வித்தியாசத்தைக் கவனித்துப் பார்த்தால் படம் யார் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகமே வராது.

தலைப்புப் பாடலைப் பாட, ஃப்ராங்கி லெய்ன் மாதிரி ஒரு பாடகர் வேண்டும் என்று ப்ரூக்ஸ் விளம்பரம் செய்திருக்கிறார். ஃப்ராங்கி லெய்னே வந்து நின்றுவிட்டார். '3:10 டு யூமா' போன்ற எத்தனையோ கௌபாய் படங்களுக்கு உருகிப் பாடிய குரல். இது நகைச்சுவைப் படம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் உயிரைக் கொடுத்துப் பாடினார், பின்னணியில் சாட்டை சொடுக்கும் ஓசையோடு. சொல்ல ப்ரூக்ஸுக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டதே நல்லதாயிற்று. அந்தக் குரலில் துளி கேலி இருந்திருந்தால்கூடப் பாட்டு செத்திருக்கும். அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரைவரை போனது.

பிறகு வந்த எத்தனையோ படங்கள் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதுதான் என் பதில். 1999-ல் வந்த 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' படத்தில் கொட்டாத பணமில்லை, இயந்திரச் சிலந்தி வரை வருகிறது. தொப்பியும் பூட்ஸும் அணிந்தவர்கள் இருக்கிறார்கள், அந்த உலகத்தை நேசித்தவர் ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதே பத்தாண்டில் வந்த 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' (1991) நிற்கிறது. அதில் நகரத்து மனிதர்களை மிரட்டும் மாடுமேய்ப்பவராக வருபவர் ஜாக் பேலன்ஸ். 'ஷேன்' (1953) படத்தில் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு கொல்ல வருகிற அதே பேலன்ஸ். அந்த முகத்தின் சரித்திரம் தெரிந்தவர்களுக்குத்தான் முழுச் சிரிப்பும் கிடைக்கும். அவருக்கும் ஆஸ்கர்.

பேலன்ஸ் பெயரைச் சொன்னதும் ஒரு காமிக்ஸ் ஞாபகம். பெல்ஜியத்து ஓவியர் மோரிஸ், லக்கி லூக் கதையொன்றில் ஃபில் டிஃபேர் என்ற வில்லனை ஜாக் பேலன்ஸ் முகத்தை வைத்துத்தான் வரைந்தார். சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் வழியே லக்கி லூக்கையும் ஜாலி ஜம்பரையும் டால்டன் சகோதரர்களையும் தமிழிலேயே படித்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். மேற்கத்திய நகைச்சுவை நம்மில் பலருக்கு முதலில் அறிமுகமானது திரையில் இல்லை, அந்தப் புத்தகங்களில்தான். சிம்புதேவன் 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய படங்கள் இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை. கேலி செய்யவும் ஒரு பரம்பரை வேண்டியிருக்கிறது.

இத்தாலிக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். 'ஜாங்கோ' என்ற ரத்தக்களரிக்கு ஒளிப்பதிவு செய்த என்ஸோ பார்போனி, நாலு வருஷம் கழித்து 'தே கால் மீ டிரினிட்டி' (1970) எடுத்தார். குதிரை பின்னால் இழுத்துவரும் படுக்கையில் தூங்கிக்கொண்டே அறிமுகமாகிறான் நாயகன். சாப்பாட்டுக் கடைக்குள் போய், ஒரு வாணலி நிறைய பீன்ஸை ரொட்டியால் வழித்து வழித்து ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான். பாலைவனத்தில் அலைகிறவனுக்குப் பசிக்கும் என்பதை எத்தனை கௌபாய் படங்கள் நினைத்துப் பார்த்திருக்கின்றன? நாயகன் டெரன்ஸ் ஹில். பிற்காலத்தில் லக்கி லூக்காகவும் நடித்தார். அண்ணனாக வரும் மலைபோன்ற பட் ஸ்பென்சர், நடிகராகப் புகழ்பெறுமுன் இத்தாலிக்காக ஒலிம்பிக்ஸில் நீந்தியவர்.

மௌனப்பட காலத்துக்குப் போனால் பஸ்டர் கீட்டன். 'கோ வெஸ்ட்' (1925) படத்தில் ஒரு சீட்டாட்டம். எதிராளி ஏமாற்றுகிறான் என்று கீட்டன் கண்டுபிடித்துவிடுகிறார். அவனோ துப்பாக்கியை நீட்டி, அதைச் சிரித்துக்கொண்டே சொல் என்கிறான். 'தி வர்ஜினியன்' நாவலால் புகழ்பெற்ற சூழல் அது. அன்றைய ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சிரிக்கவே சிரிக்காத முகம் கீட்டனுடையது. உயிர் போகிற நேரம். இரண்டு விரல்களை எடுத்து உதட்டின் இரு ஓரங்களையும் மேலே தள்ளிக் காட்டுகிறார். கண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தப் படத்தில் அவருக்கு இருக்கும் ஒரே நட்பு பழுப்புக்கண்ணி என்ற பசு. அதைக் காப்பாற்றப் போனவர், பண்ணைக்காரர் நொடித்துவிடக் கூடாதே என்று மந்தை மந்தையாக மாடுகளை லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் ஓட்டிக்கொண்டு போகிறார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், லாரல்-ஹார்டியின் 'வே அவுட் வெஸ்ட்' (1937) என்பேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் நீளம். தங்கச் சுரங்கப் பத்திரத்தை உரியவளிடம் சேர்க்கக் கோவேறு கழுதையோடு வருகிறார்கள் இருவரும். சலூன் வாசலில் நாலு பேர் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நின்று கேட்கிறார்கள், கால் தாளம் போடுகிறது, ஆட ஆரம்பிக்கிறார்கள். கதைக்கு அந்த ஆட்டம் தேவையே இல்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய உடம்பை ஹார்டி எவ்வளவு லேசாகத் தூக்கி வைக்கிறார் என்று பாருங்கள். அதே படத்தில் இருவரும் பாடிய இன்னொரு பாட்டு 1975-ல், இருவருமே இல்லாத காலத்தில், பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனையில் இரண்டாம் இடம் பிடித்தது.

லாரல் கையை மூடிக் கட்டைவிரலைச் சொடுக்குவார். விரல் நுனியில் தீ எரியும். லைட்டர் மாதிரி. ஹார்டி அதைப் பார்த்துத் திகைத்து, தானும் சொடுக்கிப் பார்ப்பார். வராது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்வார். வராது. பிள்ளைகள் அதற்குள் தங்கள் விரலையும் சொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். கடைசியில் ஒரு தடவை ஹார்டிக்கும் தீ பற்றிக்கொள்ளும்போது அவர் அலறுகிற அலறல் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை போடச் சொல்வார்கள். போடுங்கள்.